நிறம் பெயராகுமா? தீப்பெட்டிப் பொன்வண்டு முதல் ஆப்பிரிக்க நீள்கொம்பு வண்டு வரை

எங்கள் ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை, விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 'சிமெண்டு பாக்டரி ஆலங்குளம்' என்றால் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் புரியும். கிழக்கே போனால் சிவகாசி, மேற்கே போனால் ராஜபாளையம். ஆகவே எங்கள் சிறுவயது சேகரிப்புகளில் இரண்டுதான் முக்கியம். ஒன்று தீப்பெட்டிப் படம். இன்னொன்று, அதே தீப்பெட்டிக்குள் அடைத்து வைக்கிற பொன்வண்டு.

மழை பெய்து முடிந்ததும் கருவேல மரத்திலும் கொடுக்காப்புளியிலும் பொன்வண்டு வரும். பிடித்து, இரண்டு இலை போட்டு, தீப்பெட்டிக்குள் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போவோம். அரிசி மாதிரி முட்டை போட்டால் அன்றைக்கு நாம்தான் ஹீரோ. அதில் ஒரு ரேட் கார்டு இருந்தது. முழுப் பச்சை வண்டு என்றால் ஒரு மதிப்பு. கழுத்து பச்சையாகவும் முதுகு பழுப்பாகவும் இருந்தால் இன்னொரு மதிப்பு. பச்சையில் கொஞ்சம் நீலம் அடித்தாலோ செம்பு மினுங்கினாலோ 'இது வேற ஜாதிடா' என்று சொல்லி நாலு தீப்பெட்டிப் படம் கூடுதலாகக் கேட்பார்கள்.

இந்தக் கட்டுரை அந்த 'வேற ஜாதி' என்கிற சொல்லைப் பற்றித்தான். நிறம் மாறினால் உயிரினம் வேறு ஆகிவிடுமா? பூச்சியியலில் இருநூற்றைம்பது வருடமாக இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பூச்சியியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்தக் கேள்விக்குத் தப்பான விடை சொல்லி ஒரு மாமரத்தைக் கொன்றவன். அதனால் கொஞ்சம் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

கானாவில் இருந்து வந்த போட்டோ

எங்கள் அத்தை மகன் சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்து, பிறகு மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்கு மிஷின் ஓட்டப் போனான். ஒரு நாள் இரவு, குடியிருப்பின் விளக்கடியில் விழுந்து கிடந்த வண்டு ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்பினான். 'மச்சான், நீதான் பூச்சிக் கிறுக்கனாச்சே. இது என்னன்னு சொல்லு.'

கறுப்பு உடம்பு. அதன்மேல் பெயின்ட் அடித்த மாதிரி பச்சைப் பட்டைகள். உடம்பைவிட நீளமான மீசை. இப்படி மீசை நீண்ட வண்டுகளுக்குப் பொதுப்பெயர் நீள்கொம்பு வண்டுகள். அறிவியலில் செராம்பிசிடே குடும்பம். முகம் முன்னால் நீட்டிக்கொண்டு இல்லாமல், மாட்டு முகம் போல நேர் கீழே தொங்கினால் அது லாமியினே என்ற துணைக்குடும்பம். இது இரண்டும் போட்டோவிலேயே தெரிந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து படங்களைப் புரட்டியதில் ஸ்டெர்னோடோமிஸ் என்ற ஆப்பிரிக்கப் பேரினத்தில் வந்து நின்றேன். மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலான ஸ்டெர்னோடோமிஸ் புல்க்ரா என்பதற்கு மிகவும் நெருக்கமாக இருந்தது. லண்டனில் வெள்ளிச் சாமான் வியாபாரம் செய்த ட்ரூ ட்ரூரி என்பவர் 1773இல் பெயர் வைத்த வண்டு அது. புல்க்ரா என்றால் லத்தீனில் 'அழகானது' என்று பொருள்.

பத்து நாள் கழித்து அடுத்த போட்டோ. அதே விளக்கு, அதே சுவர், அதே பட்டைகள். ஆனால் பச்சைக்குப் பதில் செம்மஞ்சள். திரும்பவும் படங்களைப் புரட்டினால், பச்சைக்கு ஒரு பெயர், மஞ்சளுக்கு ஒரு பெயர், பட்டை அகலமானால் ஒன்று, ஒடுங்கினால் ஒன்று என்று துணையினப் பெயர்களும் ரகப் பெயர்களும் வரிசையாக வந்தன. இந்தப் பேரினத்தில் வேரியாபிலிஸ், அதாவது 'மாறுவது' என்றே பெயர் வாங்கிய சிற்றினம்கூட உண்டு. பெயர் வைத்தவருக்கே தெரிந்திருக்கிறது, இது நிலையாக இருக்கிற நிறம் இல்லை என்று.

அப்போதுதான் எனக்கு உறுத்தியது. ஒரே விளக்கடியில் பத்து நாள் இடைவெளியில் விழுகிற இரண்டும் எப்படி இரண்டு துணையினம் ஆகும்? துணையினம் என்பதன் இலக்கணமே, ஒரே சிற்றினம் வேறு வேறு நிலப்பகுதியில் தனித்தனியாக வாழ்ந்து, பார்த்தால் அடையாளம் தெரிகிற அளவுக்கு மாறியிருக்க வேண்டும் என்பதுதான். ஒரே தெருவில் குடியிருந்தால் அது துணையினம் இல்லை. அண்ணன் சிவப்பு, தம்பி கறுப்பு என்பது மாதிரி வீட்டுக்குள் இருக்கிற வேறுபாடு.

பெயர் எப்படி நிறத்தில் ஒட்டிக்கொண்டது

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு.

1758இல் லின்னேயஸ் தன் 'சிஸ்டெமா நாட்டுரே' நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். விலங்குகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறை அங்கிருந்துதான் கணக்காகிறது. அவருடைய மாணவர் ஜோஹன் கெர்ஹார்ட் கேனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷனின் மருத்துவராக வந்தார். செடியும் பூச்சியுமாகச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். இன்னொரு மாணவர் ஃபாப்ரிசியஸ் அங்கே உட்கார்ந்து, உலகம் முழுவதும் இருந்து வந்த ஆயிரக்கணக்கான பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார். அவருடைய நூல்களில் தரங்கம்பாடி என்ற ஊர்ப்பெயர் திரும்பத் திரும்ப வரும்.

இப்போது அந்த மேசையை நினைத்துப் பாருங்கள். ஆறு மாதம் கப்பலில் வந்த ஒரே ஒரு செத்த வண்டு. அது எந்த மரத்தில் இருந்தது, எப்போது வந்தது, எதைத் தின்றது, கூட இருந்தவை எப்படி இருந்தன, ஒன்றும் தெரியாது. கையில் இருப்பது வடிவமும் நிறமும்தான். ஆகவே இரண்டு வரி விவரணை: கறுப்பு, மேலே இரண்டு சிவப்புப் புள்ளி. முடிந்தது. குறை சொல்ல முடியாது. அவர்களிடம் இருந்த தரவு அவ்வளவுதான்.

பிரச்சினை பிறகு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலனி நாடுகளில் இருந்து பெட்டி பெட்டியாக வண்டுகள் போயின. சேகரிப்பது ஐரோப்பியக் கனவான்களின் பொழுதுபோக்கு ஆனது. அபூர்வமான நிறம் என்றால் மதிப்பு அதிகம். பெயர் இருந்தால் இன்னும் அதிகம். எங்கள் பள்ளிக்கூட ரேட் கார்டு மாதிரியேதான். ஒரு புள்ளி கூடினால் 'வெரைட்டி', ஒரு பட்டை மங்கினால் 'அபரேஷன்' என்று பெயர்கள் குவிந்தன.

லாமியினே விஷயத்தில் இதன் உச்சம் ஸ்டெஃபான் ஃபான் பிராய்னிங். 1894இல் பிறந்து 1983இல் இறந்த ஆஸ்திரியர். ஒற்றை ஆளாக ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை இந்த ஒரு துணைக்குடும்பத்துக்கு வைத்தவர். அசுர உழைப்பு, சந்தேகமே இல்லை. அவர் இல்லாவிட்டால் இன்றைக்கு ஆப்பிரிக்க வண்டு எதையும் நாம் தேடக்கூட முடியாது. ஆனால் அந்தப் பெயர்களில் சிற்றினங்களோடு சேர்த்து, 'மார்ஃபா' என்ற குறியோடு நிற வேறுபாடுகளும் நிறைய இருக்கின்றன.

விலங்குப் பெயரிடல் விதிகள் கடைசியில் ஒரு கோடு போட்டன. 1960க்குப் பிறகு 'வெரைட்டி' என்றோ 'ஃபார்ம்' என்றோ புதிதாகப் பெயர் வைத்தால் அது கணக்கில் வராது. அதற்கு முன்னால் வைத்தது என்றால், வைத்தவர் தெளிவாக வேறு மாதிரி சொல்லாதவரை துணையினப் பெயராகவே எடுத்துக்கொள்ளப்படும். அதாவது, ஒரு வண்டின் நிறத்துக்குத் துணையின அந்தஸ்து கிடைப்பதும் கிடைக்காததும், சில நேரம் காட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது இல்லை, காலண்டரைப் பொறுத்தது. இருபது வருடப் பழைய மென்பொருளைப் பராமரித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பழைய டேட்டாபேஸில் ஒரே ஆள் மூன்று பெயரில் இருப்பார். அழிக்கவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது.

நிறம் எங்கே இருந்து வருகிறது?

பட்டாசு ஊர்க்காரர்களுக்கு நிறம் என்றால் ரசாயனம். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குத் தாமிரம். உப்பை மாற்றினால் நிறம் மாறும். வண்டிலும் இப்படிச் சாயம் உண்டு. ஆனால் பல வண்டுகளில் நிறம் சாயமே இல்லை. பொன்வண்டின் ஓடு மிக மெல்லிய அடுக்குகளால் ஆனது. ஒவ்வொரு அடுக்கிலும் ஒளி பட்டுத் திரும்பி, ஒன்றோடொன்று கலந்து, குறிப்பிட்ட நிறம் மட்டும் பலப்படும். சோப்புக் குமிழியில் வானவில் தெரிகிற அதே வித்தை. அடுக்கின் தடிமன் ஒரு மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலும் பச்சை நீலமாகும், அல்லது செம்பாகும். நாங்கள் நாலு தீப்பெட்டிப் படம் கூடுதலாகக் கொடுத்தது அந்தத் தடிமனுக்குத்தான்.

நீள்கொம்பு வண்டுகளிலும் இது உண்டு. ப்ரோசோபோசெரா லாக்டேட்டர் என்ற ஆப்பிரிக்க வண்டின் வெளிறிய பச்சைச் செதில்களை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வந்தது. செதிலுக்குள் இருப்பது படிகம் போல ஒழுங்கான நுண்ணமைப்பு என்று காட்டினார்கள். அதைவிட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது 2009இல் வந்த இன்னொரு கட்டுரை. இந்தோனேசியாவின் டெமெசிஸ்டெர்னஸ் இசபெல்லே என்ற நீள்கொம்பு வண்டு, காய்ந்திருந்தால் பொன்னிறம், நனைந்தால் சிவப்பு! தண்ணீர் செதிலுக்குள் புகுந்து அடுக்குகளை உப்ப வைக்கிறது, அவ்வளவுதான். தென்னமெரிக்காவின் ஹெர்குலிஸ் வண்டும் காற்றில் ஈரம் கூடினால் கறுத்து, உலர்ந்தால் பச்சை கலந்த மஞ்சளுக்குத் திரும்பும். மழைநாளில் ஒரு பெயர், வெயில்நாளில் ஒரு பெயர் என்று வைத்தால் நிலைமை என்ன ஆகும்?

இன்னொரு உதாரணம் நம் காட்டிலேயே இருக்கிறது. பயறுச் செடியிலும் பருத்தியிலும் அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டு. ஒரே செடியில் நெளிக்கோடு போட்டது, புள்ளி போட்டது, கோடு மங்கியது என்று பல தினுசு உட்கார்ந்திருக்கும். அவை ஒன்றோடொன்று கூடும், முட்டை வைக்கும். எல்லாம் ஒரே சிற்றினம். அதன் ஆசிய உறவான ஹார்மோனியா ஆக்ஸிரிடிஸில் இருநூறுக்கும் மேற்பட்ட வண்ண வடிவங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் முக்கியமான வடிவங்களைத் தீர்மானிப்பது பன்னியர் என்ற ஒரே ஒரு மரபணு என்று 2018இல் கண்டுபிடித்தார்கள். ஒரு சுவிட்சு. அதற்காக இத்தனை பெயர்.

பெரியப்பாவின் பஞ்சவர்ணம்

இப்போது என் தப்புக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் தெரிவதற்கு முன்னால் நடந்தது.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் பெரியப்பாவுக்கு ஒரு மாந்தோப்பு. சப்பட்டையும் பஞ்சவர்ணமும். ஒரு ஆடி மாதம் பெரியப்பா, பம்புசெட் விளக்கில் விழுந்த ஒரு வண்டைப் பாலிதீன் பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு அங்குல நீளம், சாம்பல் உடம்பு, நீண்ட மீசை.

'ஏய்யா, இது மரத்தைத் துளைக்கிற வண்டா? சொல்லு, மருந்து வைக்கணும்னா ஆள் கூப்பிடணும்.'

மாமரத்தைத் துளைக்கிற நீள்கொம்பு வண்டுக்குப் பட்டோசெரா ரூஃபோமாகுலாட்டா என்று பெயர். டி கீர் என்ற சுவீடன்காரர் 1775இல் வைத்தது. ரூஃபோமாகுலாட்டா என்றால் 'சிவந்த புள்ளி கொண்டது'. நான் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டேன். படங்களில் கழுத்தில் இரண்டு செம்மஞ்சள் புள்ளி பளிச்சென்று இருந்தது. பெரியப்பா கொண்டுவந்த வண்டில் புள்ளிகள் வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தன. எத்தனை நாளாக அந்தப் பம்புசெட் மூலையில் செத்துக் கிடந்ததோ, கேட்கத் தோன்றவில்லை.

'இது அது இல்ல பெரியப்பா. அதுக்குப் புள்ளி சிவப்பா இருக்கும். இது வேற ஜாதி.'

என்ன தைரியத்தில் சொன்னேனோ! பெரியப்பாவும், படிச்ச பிள்ளை சொல்லுது என்று விட்டுவிட்டார். அடுத்த வருடம் வாசல் பக்கத்துப் பெரிய பஞ்சவர்ணத்தில் ஒரு பக்கக் கொப்பு காய்ந்தது. அடிமரத்தில் மரத்தூள் தள்ளியிருந்தது, பிசின் வடிந்திருந்தது. ஆள் வந்து வெட்டிப் பார்த்தபோது விரல் தண்டி சுரங்கம், உள்ளே விரலைவிட நீளமான வெள்ளைப் புழு. ஒன்றில்லை, நாலைந்து. மரம் பிழைக்கவில்லை. தாத்தா நட்ட மரம். பெரியப்பா என்னைத் திட்டவில்லை. 'பூச்சிக்கு என்ன, வெயில்ல சாயம் போகாதா?' என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் இருந்துதான் என் படிப்பு ஆரம்பித்தது.

சாயம் போகும். உயிரோடு இருக்கும்போது செம்மஞ்சளாக இருக்கிற பட்டோசெராவின் புள்ளிகள், செத்துக் காய்ந்தபின் மஞ்சளாகி வெளிறிப் போகும். ஆகவே, பெயரிலேயே நிறத்தை வைத்திருக்கிற வண்டுக்கு அந்த நிறத்தை நம்பக்கூடாது என்பதுதான் முதல் பாடம். நான் பார்த்திருக்க வேண்டியவை வேறு: இறக்கை மூடியின் தோள்பட்டையில் ஒரு முள், அடிப்பகுதியில் மிளகுத்தூள் தூவிய மாதிரி கறுப்புக் குருணைகள், கழுத்துக்கு இரண்டு பக்கமும் முள், கழுத்துப் புள்ளிகளின் சிறுநீரக வடிவம், பக்கவாட்டில் ஓடும் வெள்ளைப் பட்டை. இவை சாயம் போகாது. அது எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'எந்த மரத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது?'

கோயம்புத்தூர்க்காரர்கள் வேறு மாதிரி பார்த்தார்கள்

சமாதானத்துக்காகப் பழைய புத்தகங்களைத் தேடிப் போனபோது ஒரு விஷயம் கவனித்தேன். 'ஃபானா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா' வரிசையில் 1906இல் கேஹன் எழுதிய நீள்கொம்பு வண்டுத் தொகுதி ஒரு பொக்கிஷம். ஆனால் அதில் லாமியினே கிடையாது. மாமர வண்டு சேர்ந்த பிரிவுக்கு அந்த வரிசையில் தொகுதி வரவே இல்லை. ஆக, நம் பக்கத்து ஆள் இந்த வண்டைத் தேடினால் அருங்காட்சியக நூல் கைகொடுக்காது.

கைகொடுத்தது இன்னொரு மரபு. சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிட்ஜ் ஃபிளெட்சர் 1914இல் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிறகு கோயம்புத்தூரில் பணியாற்றிய டி.வி. ராமகிருஷ்ண அய்யர் 1940இல் தென்னிந்தியாவுக்கான பொருளாதாரப் பூச்சியியல் கையேட்டைக் கொண்டுவந்தார். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பீசன் 1941இல் இந்திய வனப் பூச்சிகள் பற்றிய பெரிய நூலை முடித்தார். இவர்கள் கேட்ட கேள்வி 'என்ன நிறம்?' என்பது இல்லை. எந்தப் பயிர், எந்த மரம், பட்டையிலா தண்டிலா வேரிலா, புழு எத்தனை மாதம் இருக்கும், எப்போது வண்டாகி வெளியே வரும்?

இரண்டு மரபுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இங்கேதான் புரிந்தது. அருங்காட்சியகத்துக்காரர் கையில் செத்த வண்டு இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் முன்னால் செத்துக்கொண்டிருக்கிற மரமும் அதன் சொந்தக்காரரும் நின்றார்கள். தப்பாகச் சொன்னால் அடுத்த வருடம் அதே ஆள் வந்து கேட்பார். ஆகவே மாறாத அடையாளங்களைத் தேட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது.

மலை அணிலுக்கும் அதே கதை

இது வெறும் வண்டுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். எங்கள் மாவட்டத்திலேயே நிறத்தைப் பெயரில் வைத்த ஒரு சரணாலயம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. அந்த அணிலின் சிற்றினப் பெயர் ரட்டூஃபா மாக்ரோரா. இலங்கையில் இருந்து 1769இல் பெயர் பெற்றது. 1915இல் ஓல்ட்ஃபீல்ட் தாமஸும் ராட்டனும் இதில் இரண்டு புதுத் துணையினங்களைப் பிரித்தார்கள். ஈரக்காட்டில் கறுப்பு கூடியது ஒன்று, வறண்ட காட்டில் சாம்பல் பழுப்பாக வெளிறியது ஒன்று. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் அணில் இந்த இரண்டாவதில், டாண்டோலெனாவில் சேர்க்கப்படுகிறது.

அதே மலையில் இருக்கிற இன்னொரு மலை அணில் ரட்டூஃபா இண்டிகா. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக இதன் ரோமம் ஊருக்கு ஊர் மாறும். எத்தனை துணையினம் என்று ஆளுக்கு ஒரு கணக்கு சொன்னார்கள். 1952இல் ஹுமாயூன் அப்துல்அலியும் ஜே.சி. டேனியலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் இதை மறுபடி அலசினார்கள்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். நிறம் எப்போதுமே பொய் சொல்வது இல்லை. ஈரமான காட்டில் விலங்குகள் கறுத்தும், வறண்ட இடத்தில் வெளிறியும் இருக்கும் என்பதை 1833இலேயே குளோகர் கவனித்தார். பல விலங்குகளுக்கு அது பொருந்தும். ஆனால் கோவாவில் இருந்து குமரி வரை காடு மெல்ல மெல்ல மாறினால் நிறமும் மெல்ல மெல்லத்தான் மாறும். நடுவில் கோடு போடுவது யார்? 1953இல் வில்சனும் பிரவுனும் எழுதிய கட்டுரை இந்த இடத்தில்தான் அடித்தது. நிறத்தை வைத்துக் கோடு போட்டால் ஒரு இடத்தில் விழுகிறது, உடல் அளவை வைத்தால் இன்னொரு இடத்தில், பல்லை வைத்தால் மூன்றாவது இடத்தில். எந்தக் குணத்தை முதலில் எடுத்தோம் என்பதைப் பொறுத்து துணையினம் மாறுகிறது என்றால், அது இயற்கையில் இருக்கிறதா, நம் மேசையில் இருக்கிறதா?

சரி, துணையினம் என்பதையே தூக்கிப் போட்டுவிடலாமா? அதற்கும் எனக்கு மனசு வரவில்லை. குஜராத்தின் டாங்ஸ் காட்டில் வெளிறிய மலை அணில் ஒன்று இருந்தது. 1897இல் பிளான்ஃபோர்ட் அதற்கு டீயல்பாட்டா என்று பெயர் வைத்தார். இன்றைக்கு அது இல்லை. அதைத் தனித் துணையினம் என்று எடுத்தால் ஒன்று அழிந்துபோயிற்று என்று எழுதுவோம். சும்மா ஒரு நிறம் என்று எடுத்தால், ரட்டூஃபா இண்டிகா நன்றாகத்தான் இருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பிவிடுவோம். எந்தக் காட்டுக்குப் பாதுகாப்பு, எதற்குப் பணம் என்பதில் எல்லாம் பெயருக்குப் பங்கு இருக்கிறது. தேவை இல்லாத பெயர் டேட்டாபேஸைக் கெடுக்கும். அவசரப்பட்டு எடுத்த பெயர் காட்டைக் கெடுக்கலாம்.

நான் இப்போது பின்பற்றுகிற வரிசை

நிறத்தை வைத்து ஒரு பெயரைப் பார்த்தால் ஐந்து கேள்வி கேட்டுக்கொள்கிறேன்.

1. இரண்டு நிறமும் ஒரே இடத்தில், ஒரே பருவத்தில் கிடைக்கிறதா? ஆம் என்றால் துணையினப் பேச்சுக்கே இடம் இல்லை. கானா விளக்கடி இரண்டும் இங்கேயே அடிபட்டுப் போயின.
2. நடுவாந்திர நிறங்கள் உண்டா? பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே எல்லாப் படியும் இருந்தால் அது படிக்கட்டு இல்லை, சரிவு.
3. எத்தனை மாதிரியைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்? ஒன்றா, நூறா?
4. அது உயிரோடா, செத்ததா, காய்ந்ததா, நனைந்ததா?
5. நிறத்தை முழுக்க மறைத்துவிட்டால் மிச்சம் என்ன வித்தியாசம்? முள், மீசைக் கணு, கால், இனப்பெருக்க உறுப்பு, முடிந்தால் டி.என்.ஏ.

ஐந்தாவதுக்கு ஒரு சுலப வழி உண்டு. போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டுப் பாருங்கள். அத்தை மகன் அனுப்பிய இரண்டையும் அப்படி மாற்றி அடுத்தடுத்து வைத்தேன். பட்டைகளின் இடம், வளைவு, மீசைக் கணுக்கள் எல்லாம் ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெயர்தான் எழுதினேன்.

இதே சோதனையைப் பொன்வண்டுக்குச் செய்தால் வேறு விடை வருகிறது, அதுதான் அழகு. முழுப் பச்சையாக, முதுகில் வெளிர்ப் பொட்டுகளோடு இருப்பது ஸ்டெர்னோசெரா ஸ்டெர்னிகார்னிஸ், 1758இல் லின்னேயஸ் பெயர் வைத்தது. பழுப்பு முதுகுக்காரர் ஸ்டெர்னோசெரா கிரைசிஸ், ஃபாப்ரிசியஸ் வைத்தது. நிறத்தை மறைத்தாலும் ஓட்டின் குழிகளும் பொட்டுகளும் இரண்டையும் பிரித்துக் காட்டும். அங்கே எங்கள் பள்ளிக்கூட ரேட் கார்டு சரிதான். நீலப் பச்சைக்கும் செம்புப் பச்சைக்கும் கொடுத்த கூடுதல் படங்கள்தான் வீண். சிவகாசிக்காரனாக அது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஒரே தீப்பெட்டிப் படம் ஒரு நடையில் சிவப்பு தூக்கலாகவும், இங்க் தீர்ந்து அடுத்த நடையில் மங்கலாகவும் அச்சாகி வரும். அதற்காகக் கம்பெனி மாறிவிட்டது என்று யாரும் சொன்னது இல்லை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. பொன்வண்டுக்குப் பெயர் வைத்த அதே 1758 புத்தகத்தில் லின்னேயஸ் மனிதனையும் நான்காகப் பிரித்தார். அமெரிக்கர் சிவப்பு, ஐரோப்பியர் வெள்ளை, ஆசியர் மஞ்சள், ஆப்பிரிக்கர் கறுப்பு. ஒவ்வொரு நிறத்தோடும் குணத்தையும் ஒட்டவைத்தார். வண்டுக்கு வைத்த தப்புப் பெயரை ஒரு கட்டுரை எழுதித் திருத்திவிடலாம். இதைத் திருத்த இன்னும் முடியவில்லை. 'பொண்ணு நல்ல செவப்பு' என்று இன்றும் கல்யாணத் தரகர் சொல்கிற ஊர்தான் நம் ஊர். பத்து வயதில் தீப்பெட்டியைத் திறந்து 'இது வேற ஜாதிடா' என்று நாங்கள் சொன்ன வார்த்தை வண்டில் இருந்து வந்தது இல்லை, வீட்டில் இருந்து வந்தது.

பெரியப்பாவின் தோப்பில் மிச்ச மரங்கள் நன்றாக இருக்கின்றன. ஆடி பிறந்தால் அவர் அடிமரத்தைச் சுற்றி வருவார். மரத்தூள் தெரிந்தால் கம்பியை விட்டுப் புழுவை இழுத்து எடுத்து, மருந்தில் நனைத்த பஞ்சைத் துவாரத்தில் வைத்து, களிமண் பூசி மூடிவிடுவார். அந்த வெளிறிய வண்டை நான் இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். சீட்டில் முதலில் 'பட்டோசெரா, வேறு சிற்றினம்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, கீழே பெயரைச் சரியாக எழுதி, 'பஞ்சவர்ணம், வாசல் மரம்' என்றும் சேர்த்திருக்கிறேன்.